நாரி நோவும் நிற்க வைத்து எடுத்த படமும்: யாழ்ப்பாணத்து முள்ளந்தண்டு கிளினிக் ஒன்றைப் பற்றி

என் அம்மாவால் கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வர முடியும். ஆனால் சந்தை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே இரண்டு வரிசைக் கடைகளைச் சுற்றி வர முடியாது. 150 அடி வைப்பதற்குள் நாரியில், அதாவது இடுப்பின் பின்புறத்தில், தொடங்கும் உளைவு பிட்டத்தின் வழியாக இரண்டு கால்களின் பின்புறத்திலும் இறங்கி, பாதம் மரத்து, எங்காவது ஒரு திட்டில் குந்தினால்தான் அடங்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதன் கைபிடியில் சாய்ந்தபடி நடந்தால் அதே தூரத்தை நோவில்லாமல் நடப்பார். 68 வயதில் சைக்கிள் ஓடுபவருக்கு நடக்க முடியாது என்றால் அயலில் எவரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முதலில் முழுதாக நம்பவில்லை. இந்தப் புதிரை முதன்முறையாகப் புதிராக அல்லாமல் விடையாக எடுத்துக்கொண்ட ஓர் இடத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

அது யாழ். நகருக்குள் ஒரு கட்டடத்தின் முதலாம் மாடியில் இயங்கும் தனியார் முள்ளந்தண்டு கிளினிக். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து பார்க்கிறார். பெயரைக் குறிப்பிடாமைக்குக் காரணம் உண்டு: கீழே பாராட்டோடு குறைகளும் வருகின்றன, ஆளணி குறைந்த சிறிய இடம் அது. தவிரவும், எந்த முள்ளந்தண்டு கிளினிக்குக்குப் போனாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிப்பவன். கீழே கோணங்களைப் பற்றிச் சற்று நீட்டி எழுதினால் அதைத் தொழிற்குற்றமாக எடுத்துக்கொள்ளவும்.

அங்கே போவதற்கு முன்னர் நாங்கள் கடந்த பாதை யாழ்ப்பாணத்தில் நாரி நோவு உள்ள எவரும் கடக்கும் பாதைதான். முதலில் முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் எண்ணெயும் பத்தும். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய இடுப்புப் பெல்ட். அந்தப் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தடித்த இலாஸ்டிக் பட்டி, முதுகுப்புறத்தில் நான்கு உலோகத் தகடுகள், முன்னால் வெல்க்ரோ. பாரம் தூக்கி நாரி பிடித்துக்கொண்டவருக்கு முதல் சில நாட்கள் அது ஆறுதல் தரலாம். ஆனால் அம்மாவுக்கு அது உபத்திரவமாகவே இருந்தது, ஏனென்றால் அது அவரை நிமிர்த்தி வைத்தது. அவருக்கு நோவு வருவதே நிமிரும்போதுதான். இரண்டு ஆண்டுகள் வெக்கையில் வேர்த்து வேர்த்து அதைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவதாகப் போன ஒரு தனியார் வைத்தியசாலையில், படுக்க வைத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைச் சில நிமிடங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று முள்ளென்புகளை ஆறு ஸ்குரூவும் இரண்டு கம்பியும் வைத்து இணைக்க வேண்டும் என்றும் நாளைக் குறிக்கலாம் என்றும் சொன்னார்கள். எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

இந்தக் கிளினிக்கின் முதற்குறை வாசலிலேயே தொடங்குகிறது. முள்ளந்தண்டு நோயாளர் ஏறி வர வேண்டிய படிகள் 19; கைபிடி ஒரு பக்கத்தில் மட்டும்; மின்தூக்கி கிடையாது. அம்மாவுக்கு ஏறுவது சிரமமாக இருக்கவில்லை, இறங்குவதுதான் சிரமமாக இருந்தது. காரணம் பின்னர் விளங்கியது: படி ஏறும்போது உடல் தானாகவே முன்னே குனிகிறது, இறங்கும்போது பின்னே நிமிர்கிறது. தொலைபேசியில் 10 மணி என்றார்கள். உள்ளே போனபோது 12.20. காத்திருக்கும் அறையில் இருபதளவு பிளாஸ்டிக் கதிரைகள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். இளவயதினர் சிலர் கதிரை இருந்தும் இருக்காமல் சுவரோடு நின்றார்கள். வயதானவர்கள் எல்லோரும் முன்னே குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி இருந்தார்கள். முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள இடைத்தட்டு பிதுங்கியவருக்கு இருந்தால் நோவு, நரம்புகள் செல்லும் முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கியவருக்கு நின்றால் நோவு. இந்த வேறுபாட்டை அன்று தாதி ஒருவர் போகிற போக்கில் சொன்னார். அந்த அறையில் ஒரே மாதிரியான, கை வைக்காத, தாழ்ந்த கதிரைகளை மட்டும் போட்டிருப்பது ஏன் என்று அவரிடம் கேட்க வாய்க்கவில்லை.

உள்ளே நடந்ததுதான் இந்த இடத்தின் மதிப்பு. வைத்தியர் படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “அம்மா, வீட்டில இருந்து எதுவரைக்கும் நிக்காமல் நடப்பியள்?” என்று கேட்டார். அடுத்த கேள்வி, “சைக்கிள் ஓடுவியளோ?” அம்மா குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல ஓம் என்றார். வைத்தியர் சிரித்துவிட்டு, அந்த ஒரு பதில் பாதி நோயறிதல் என்றார். இது அவருடைய சொந்தக் கெட்டித்தனம் அல்ல. இடுப்புப் பகுதி முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்குவதால் நடக்கும்போது கால் நோவும் மரப்பும் வருகின்றன என்பதை நெதர்லாந்தின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954 இல் தெளிவாக விபரித்தார். சைக்கிள் மிதிப்பதையே ஒரு பரிசோதனையாக டிக், டோயில் ஆகிய இருவரும் 1977 இல் எழுதினார்கள். இரத்தக்குழாய் அடைப்பால் கால் நோவு வருபவருக்குச் சைக்கிள் மிதித்தாலும் நோவும். கால்வாய் ஒடுங்கியவருக்கு, கைபிடியில் குனிந்து மிதிக்கும் வரை நோவாது. குனியும்போது முள்ளென்புகளைப் பின்புறமாக இணைக்கும் மஞ்சள் நிற இணைநார் இழுபட்டுத் தட்டையாகிறது, கால்வாய் சற்று அகல்கிறது. நிமிரும்போது அதே நார் மடிந்து உள்ளே புடைக்கிறது, நரம்புகள் நெரிபடுகின்றன. உலகத்து நூல்களில் கடையில் தள்ளுவண்டியில் சாய்ந்து நடக்கும் முதியவர்தான் இதற்கு உதாரணம். யாழ்ப்பாணத்தில் அந்த உதாரணத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் எங்கள் தாய் தகப்பனைப் பார்த்தாலே போதும்.

பிறகு பாதத்தின் நாடித்துடிப்பை இரண்டு கால்களிலும் பிடித்துப் பார்த்தார். இரத்தக்குழாய் நோவு நின்றாலே அடங்கும், நரம்பு நோவு குனிந்தால் அல்லது இருந்தால்தான் அடங்கும் என்று விளக்கினார். இடுப்பு மூட்டுகளைச் சுழற்றினார், குதிக்காலிலும் நுனிக்காலிலும் நடக்க வைத்தார். சிறுநீர் கழிப்பதில் திடீர்த் தடையோ, சைக்கிள் ஆசனத்தில் படும் பகுதியில் மரப்போ, கால் செயலிழப்போ ஏற்பட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அதுவரை நாங்கள் கண்ட எவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் படம். எங்களிடம் இருந்த படங்கள் எல்லாம் படுத்தபடி எடுத்தவை. எம்.ஆர்.ஐ. படம் நரம்பு எங்கே நெரிகிறது என்பதைக் காட்டும். ஆனால் படுத்திருக்கும் முள்ளந்தண்டு எதையும் சுமப்பதில்லை. அவர் கேட்டது, தலை தொடங்கித் தொடை என்பின் பந்து முனை வரை ஒரே படத்தில் அடங்கும்படி, நிற்க வைத்துப் பக்கவாட்டில் எடுத்த ஊடுகதிர்ப் படம். கிளினிக்கோடு சேர்ந்த அறையிலேயே எடுத்தார்கள். படம் எடுப்பவர் அம்மாவின் விரல்களை மடித்துக் காறை எலும்புகளின் மேல் வைக்கச் சொன்னார், அப்போதுதான் கை முள்ளந்தண்டை மறைக்காது. பிறகு, “முழங்காலை நிமித்துங்கோ” என்றார். அம்மா தன் முழங்கால் மடிந்திருப்பதை அறியவே இல்லை. நிமிர்த்தியதும் அவருடைய நெஞ்சு முன்னே சரிந்தது. ஆண்டுக்கணக்காக அவர் நேராக நிற்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் முழங்காலை மடித்தும் இடுப்பைப் பின்னே சரித்தும் நேராக நிற்பதைப் போலச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். முன்னர் வேறோர் இடத்தில் எடுத்த படத்தில் இடுப்பு மூட்டு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அந்தப் பந்து முனை தெரியாவிட்டால் கீழே சொல்லப்போகும் கோணம் எதையும் அளக்க முடியாது. ஆகவே படத்தைக் கையில் வாங்கியதும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கோணங்கள். இடுப்பு வளையத்துக்கென்று பிறப்போடு அமைந்த கோணம் ஒன்று உண்டு. அதைப் பெல்விக் இன்சிடன்ஸ் என்கிறார்கள். முள்ளந்தண்டின் அடியில் இடுப்பு வளையத்தோடு சேரும் திருவென்பின் மேல்முகத்தின் நடுவில் இருந்து அந்த முகத்துக்கு ஒரு செங்குத்தும், அதே புள்ளியில் இருந்து தொடை என்புப் பந்தின் மையத்துக்கு ஒரு கோடும் வரைந்தால் இடையில் வருவது அது. பிரான்சில் துவால் போபேர் என்ற மருத்துவரின் குழு இதை வரையறுத்தது. வளர்ச்சி முடிந்த பிறகு ஒருவருக்கு இது ஏறக்குறைய மாறுவதில்லை. ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். இந்தக் கோணம் எப்போதும் வேறிரண்டு கோணங்களின் கூட்டுத்தொகை: இடுப்பு எவ்வளவு பின்னே சரிந்திருக்கிறது என்பதும் திருவென்பின் மேல்முகம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதும். ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும். நான் கரும்பலகையில் எழுதிப் பழகிய சமன்பாடு ஒன்று அம்மாவின் நாரிக்குள் இருந்ததைக் கண்டபோது, நோவைக்கூட ஒரு நிமிடம் மறந்து மகிழ்ந்தேன், அம்மா முறைத்தார். அவருக்கு 52 பாகை. அதில் பின்சரிவு 22, திருவென்புச் சரிவு 30.

இதன் பயன் எங்கே? நாரியின் முன்வளைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிறவிக் கோணம் நிர்ணயிக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 10 பாகைக்குள் இருந்தால் நல்லது, 10 முதல் 20 வரை மிதமான குறை, 20 க்கு மேல் பெருங்குறை என்று 2012 இல் வெளிவந்த, வளர்ந்தவர்களின் முள்ளந்தண்டுக் கோணலைத் தரம் பிரிக்கும் எஸ்.ஆர்.எஸ். ஷ்வாப் வகைப்பாடு சொல்கிறது. அம்மாவின் முன்வளைவு 38, வித்தியாசம் 14. கழுத்தின் கடைசி முள்ளென்பில் இருந்து விழும் தூக்கு நூல் திருவென்பின் பின்மூலையில் இருந்து எவ்வளவு முன்னே விழுகிறது என்பதும் ஓர் அளவு: 4 சென்ரிமீற்றருக்குள் நன்று, 9.5 க்கு மேல் கடுமை. அம்மாவுக்கு 6.5. இந்த முன்சரிவு கூடக்கூட நோவும் இயலாமையும் கூடுகின்றன என்பதைக் கிளாஸ்மன் குழுவின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய பிறகுதான், பக்கவாட்டில் வளைவதைவிட முன்னே சரிவதே வளர்ந்தவர்களை அதிகம் வாட்டுகிறது என்று சத்திரசிகிச்சையாளர் கணக்கெடுக்கத் தொடங்கினர். பிரெஞ்சு நிபுணர் ஜோன் துபூசே சொன்ன கூம்பு இதை இன்னும் இலகுவாக்குகிறது: பாதத்தை முனையாகக் கொண்ட ஒரு குறுகிய கூம்புக்குள் உடல் அசையும் வரை நிற்பது சிக்கனம், வெளியே போகப் போகத் தசை வேலை செய்து களைக்கிறது. தலையில் கடகம் சுமந்து வரும் பெண்ணிடம் கேட்டால் இதை வேறு சொற்களில் சொல்வார்.

என்னைக் கவர்ந்தது, இந்த எண்களை வைத்தியர் நடத்திய விதம். 14, 22, 6.5 என்ற மூன்றும் குறையுள்ள எண்கள். முன்னே போன இடமாக இருந்தால் அவற்றையே காட்டி இன்னும் நான்கு ஸ்குரூ கேட்டிருப்பார்கள். இவர் அம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். முதுகு தட்டையாகக் கட்டிலில் படிந்தது. அப்படியானால் வளைவு இறுகிப்போனதல்ல. நரம்பு நெரிவதைத் தவிர்க்க உடல் தானாகக் குனிகிறது. நெரிவை நீக்கினால் இப்படியானவர்களில் பலருக்கு நிமிர்வும் ஓரளவு திரும்புகிறது என்று ஆய்வுகள் சொல்வதாக விளக்கினார். அத்துடன், அந்த எல்லைகள் எல்லா வயதுக்கும் ஒன்றல்ல. வயது கூடக்கூட ஏற்கத்தக்க சரிவும் கூடுகிறது என்பதை லஃபாஜ் குழுவின் 2016 ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. 68 வயதினரை 30 வயதினரைப் போல நிமிர்த்த முயல்வது அளவுக்கு மீறிய திருத்தம். மறுபுறத்தில், இறுகிப்போன சரிவுக்கு முள்ளென்பையே ஆப்பு வடிவில் வெட்டி, ஒரு மட்டத்தில் ஏறக்குறைய 30 பாகை திருத்தும் பெரிய சத்திரசிகிச்சை இருக்கிறது. அது உரியவருக்குப் பெரும் பயன் தரும், ஆனால் சிக்கல்களும் அதிகம். முன்னொரு காலத்தில் ஹாரிங்டன் கம்பி வைத்துக் கூனையும் வளைவையும் நேராக்கியபோது, நாரியின் இயல்பான முன்வளைவையும் சேர்த்து நேராக்கிவிட்டதால் தட்டை முதுகு என்ற புதிய துன்பம் உண்டானதும் இந்தத் துறை கற்ற பாடம்தான்.

மீதியிருந்த கேள்வி, அந்த ஆறு ஸ்குரூ. அம்மாவின் நான்காம் நாரி முள்ளென்பு ஐந்தாவதன் மேல் சற்று முன்னே வழுகியிருக்கிறது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த படங்களில் அது அசையவில்லை. வைத்தியர் சொன்னது இவ்வளவே: “ஸ்குரூ கூடாது எண்டு நான் சொல்லேல்ல. உங்களுக்கு அது வேணும் எண்டதுக்குக் காரணம் எனக்குத் தெரியேல்ல.” வீட்டுக்கு வந்து இரவிரவாக ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். 2016 ஏப்ரலில் ஒரே மருத்துவ சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு சோதனைகள் வெளிவந்திருக்கின்றன. சுவீடனில் 247 பேரை வைத்துச் செய்ததில், நெரிவை நீக்குவதோடு என்பையும் இணைத்தவர்கள் இணைக்காதவர்களைவிட இரண்டு ஆண்டுகளின் பின் நன்றாக இருக்கவில்லை. அமெரிக்காவில் 66 பேரை வைத்துச் செய்ததில், இணைத்தவர்களுக்குச் சிறிய நன்மை தெரிந்தது. மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்களும் அவர்களிடையே குறைவு, 14 வீதத்துக்கு எதிராக 34 வீதம். ஆக, கேள்வி அன்று தீரவில்லை. 2021 இல் நோர்வேயில் இருந்து வந்த நோர்ட்ஸ்டென் சோதனை, அம்மாவைப் போல வழுகல் உள்ள 267 பேரை எடுத்தது: நெரிவை மட்டும் நீக்கியவர்களில் 71.4 வீதத்தினரும், இணைத்தும் கொண்டவர்களில் 72.9 வீதத்தினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறினர். மறு சத்திரசிகிச்சை 12.5 வீதம், 9.1 வீதம். ஒரு கணித ஆசிரியனுக்கு இந்த இடைவெளி ஆறு ஸ்குரூவின் செலவையும் இரத்த இழப்பையும் நியாயப்படுத்தப் போதுமானதாகத் தெரியவில்லை. வழுகல் அசைபவருக்கும் வளைவு இறுகியவருக்கும் கணக்கு வேறு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சத்திரசிகிச்சையே வேண்டுமா என்பதற்கு 2008 இல் வெளிவந்த ஸ்போர்ட் ஆய்வு இருக்கிறது; அதை வாசிப்பவர் அதன் சிக்கலையும் வாசிக்க வேண்டும். குலுக்கல் முறையில் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் 67 வீதத்தினர்தான் அதைச் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 43 வீதத்தினர் செய்துகொண்டுவிட்டார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் பரிசோதனை இப்படித்தான் இருக்கும்: நோவு கூடியவர் அணி மாறுகிறார். உண்மையில் பெற்ற சிகிச்சையின்படி கணக்கிட்டபோது சத்திரசிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தனர், பெறாதவர்களும் பெரும்பாலும் மோசமாகிவிடவில்லை. அவசரமில்லை என்று வைத்தியர் சொன்னதன் பொருள் அதுதான். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்த இடைத்தட்டுத் தேய்வைப் பற்றிக் கேட்டபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. எந்த நோவும் இல்லாத 3110 பேரின் படங்களைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டு ஆய்வின்படி 20 வயதினரில் 37 வீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 வீதத்தினருக்கும் அந்தத் தேய்வு இருக்கிறது. தலைமயிர் நரைத்தது என்று அறிக்கை எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

காத்திருந்தபோது பாடசாலை மாணவி ஒருவர் பக்கவளைவுக்கான பிளாஸ்டிக் கவசத்தோடு வந்திருந்தார். அந்தச் சேவையைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. அச்செடுத்துச் செய்து தருகிறார்கள், இறுக்கத்தைச் சரிபார்க்க மறுபடி கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். சித்திரை வெயிலில் நாளுக்கு 18 மணித்தியாலம் அதை அணியச் சொல்வது கொடுமை என்று தாய்மார் நினைப்பது இயல்பு. ஆனால் 2013 இல் வெளிவந்த பிரெய்ஸ்ட் சோதனையில், கவசம் அணிந்தவர்களில் 72 வீதத்தினருக்கு வளைவு சத்திரசிகிச்சை எல்லையான 50 பாகையை எட்டவில்லை. வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48 வீதம். பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதிக நேரம் அணிந்தவர்களுக்குக் கூடுதல் பயன். பெல்ட் அம்மாவுக்கு உதவவில்லை என்பதைக்கொண்டு கவசம் எவருக்கும் உதவாது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சேர்த்தேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில். பேசும்போது தமிழில் அவ்வளவு அழகாக விளக்கியவர், கையில் தந்த தாளில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிய மண் இது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், ஓய்வுபெற்ற தமிழாசிரியையான அம்மா தன் நாரியைப் பற்றி மகனிடம் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது. இரண்டாவது, கட்டணம். ஆலோசனைக்கு 3,000 ரூபா என்று தொலைபேசியில் சொன்னார்கள். படத்துக்கு வேறாக, அளவெடுத்த அறிக்கைக்கு இன்னும் வேறாக என்பதைப் பணம் கட்டும் இடத்தில்தான் அறிந்தோம். ஏமாற்றவில்லை, பற்றுச்சீட்டும் தந்தார்கள். ஆனால் முதலே சொல்லியிருக்கலாம். மூன்றாவதுதான் பெரியது. பயிற்சிதான் முதல் மருந்து என்று சொல்லும் இடத்தில் பிசியோதெரபி செய்பவர் ஒருவர் இல்லை. படம் போட்ட ஒரு தாளைத் தந்து வேறிடம் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு ஞாயிறுகளுக்கு இடையில் கேள்வி எழுந்தால் கேட்க ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு, எடுப்பவர் நாள் குறிக்கும் பிள்ளை மட்டுமே.

மூன்று மாதம் அம்மா பயிற்சி செய்தார்: மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, தொடையின் முன்புறத்தை நீட்டுவது, வயிற்றுத் தசையை இறுக்குவது. நாள்தோறும் சைக்கிள். 150 அடியில் நின்றவர் இப்போது 400 அடி வரை போகிறார். நல்ல நாளில் அதற்கு மேலும். இரண்டாம் முறை போனபோது வைத்தியர் முதலில் கேட்டது அந்த எண்ணைத்தான், பிறகுதான் காலின் பலத்தைச் சோதித்தார். நெரிவை மட்டும் நீக்கும் சத்திரசிகிச்சை ஒரு மட்டத்தில் செய்யலாம், எப்போது என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும் என்றார். நல்லூர்க் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை நாள் தவறாமல் போகிறவர் அவர். இந்த ஆண்டு திருவிழா முடியட்டும் என்று சொல்லிவிட்டார். வெளிவீதியில் எங்கெங்கே குந்தலாம் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள். பழைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். அறிக்கையை மட்டும் அவர் பார்ப்பதில்லை. நீங்கள் நிற்காமல் எத்தனை அடி நடக்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் எண்ணிக்கொண்டு போங்கள். கால் இயலாதவரோடு போனால், படி இறங்கும்போது அவருக்கு முன்னால் நீங்கள் இறங்குங்கள். அம்மாமாரைக் கூட்டிப்போகிறவர்கள், தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊசிகளை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லவும். எங்கள் முதற்படத்தில் மூன்று ஊசிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்ததால் இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று; கழற்றியவற்றை வைக்க அங்கே ஒரு கிண்ணம்கூட இருக்கவில்லை.